பல்கலைக்கழகப் பணியாளர்கள் நிகழ்வுகளிலும் குழுக்களிலும் பங்கேற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே அழைப்புகள் குவியத் தொடங்கும். பயிலரங்கு, கருத்தரங்கு, வளாக அறிமுக நாள், பட்டமளிப்பு விழாவுக்குத் தன்னார்வலர்கள், ஏதோ ஒரு குழுவில் காலியிடம், வெளிநாட்டில் ஒரு வாரப் பயிற்சி என்று பட்டியல் நீளும். ஆர்வத்தோடு எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தவர்கள் ஆண்டின் நடுவில் பாதியைக் கைவிடுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். முதலில் பெயரைக் கொடுத்துவிட்டு, நேரம் இருக்கிறதா, அனுமதி கிடைக்குமா என்பதைப் பிறகு யோசிப்பதால் வரும் வினை இது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். அலுவலகப் பணியாளர், ஆய்வக உதவியாளர், நூலகர், ஆசிரியர் எல்லோருக்கும் இவை பொருந்தும்.

1. தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூன்று கேள்விகளுக்கு விடை கையில் இருக்கட்டும். உங்கள் பணி ஆணையில் இத்தகைய பங்கேற்புக்கு இடம் இருக்கிறதா? நிகழ்வில் செலவிடும் நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்படுமா? அனுமதி தரும் அதிகாரம் யாருக்கு?

மூன்றாவது கேள்வியில் பலர் குழம்புகிறார்கள். அன்றாட வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் ஒருவராகவும், விடுப்புக்குக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவராகவும் இருப்பது பல்கலைக்கழகங்களில் சகஜம். வாய்மொழியாக முதலாமவர் சரி சொன்னதை நம்பிப் போய்விட்டு, வருகைப் பதிவேட்டில் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு.

ஒப்பந்தப் பணியாளர்களும் பகுதிநேரப் பணியாளர்களும் இரண்டாவது கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை இல்லாத நாளில் கூட்டம் வந்தால் அதற்கு ஊதியமோ மாற்று விடுப்போ உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. கேட்காமல் போவதால்தான் மனக்கசப்பு வருகிறது.

2. போகமுடியாத வாரங்களை முதலில் குறியுங்கள்

நாட்காட்டியை எடுத்தவுடன் நிகழ்வுகளைக் குறிக்காதீர்கள். உங்கள் வேலையின் நெருக்கடி வாரங்களை முதலில் அடைத்துவிடுங்கள். சேர்க்கைப் பிரிவுக்கு விண்ணப்பக் கடைசி நாள், தேர்வுப் பிரிவுக்கு முடிவு வெளியாகும் நாள், கணக்குப் பிரிவுக்கு நிதியாண்டு முடிவு, ஆய்வகத்துக்கு செமஸ்டர் தொடக்கம், ஆசிரியர்களுக்கு விடைத்தாள் திருத்தும் காலம். தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டு என்றால் அதற்கு முந்தைய மாதங்களையும் சேர்த்து அடையுங்கள்.

மிஞ்சிய வாரங்கள்தான் உங்களுடையவை. இப்படிச் செய்யும்போது நிகழ்வுக்கு "முடியாது" என்று சொல்லவும் காரணம் தயாராக இருக்கும், மேலாளரிடம் "முடியும்" என்று சொல்லவும் ஆதாரம் இருக்கும்.

3. அறிவிப்புகள் வரும் இடங்களைத் தேடிச் சேருங்கள்

பொதுச் சுற்றறிக்கையில் வருவது ஒரு பகுதிதான். பயிற்சிகள் மனிதவளப் பிரிவிலிருந்தும், ஆய்வுத் தரவு, வெளியீடு பற்றிய பயிலரங்குகள் நூலகத்திலிருந்தும், பரிமாற்றத் திட்டங்கள் சர்வதேச உறவுகள் அலுவலகத்திலிருந்தும் வரும். பணியாளர் சங்கம், மாணவர் நலப் பிரிவு, முன்னாள் மாணவர் அலுவலகம் ஆகியவை தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முறை பெயரைப் பதிந்துவிட்டால் போதும்.

சில நாட்கள் ஆண்டுதோறும் மாறாமல் வரும். பிப்ரவரி 11 அறிவியலில் பெண்கள் மற்றும் சிறுமியருக்கான சர்வதேச நாள், மார்ச் 8 மகளிர் நாள், அக்டோபர் 10 உலக மனநல நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். அக்டோபர் இறுதியில், ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கச் செய்வதற்கான திறந்த அணுகல் வாரம் வரும். 2008இல் ஒரே ஒரு நாளாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே வாரமாக வளர்ந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில், ஆய்வாளர்கள் தங்கள் வேலையைப் பொதுமக்களுக்குக் காட்டும் ஆய்வாளர் இரவு செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமையை ஒட்டி நடக்கிறது. அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே ஏற்பாட்டாளரைத் தேடிக் கேட்டால், நல்ல பொறுப்புகள் காலியாக இருக்கும்போதே கிடைக்கும்.

இணையவழி நிகழ்வுகளில் நேரக் குழப்பம் ஒரு தனிப் பிரச்சினை. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் அது நவம்பர் முதல் ஞாயிறன்று நடக்கிறது. இடைப்பட்ட வாரத்தில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும். மார்ச்சில் இந்த இடைவெளி இரண்டு, மூன்று வாரம் நீளும். அதனால் நேரத்தை மனக்கணக்காக மாற்றி எழுதிவைக்காதீர்கள். நாட்காட்டிச் செயலியில் "லண்டன் நேரம் 14:00" என்று ஊரோடு சேர்த்துப் பதியுங்கள். உங்கள் நேரத்தை அது சரியாகக் காட்டும். ஏற்பாட்டாளர் நாட்காட்டிக் கோப்பு அனுப்பியிருந்தால் அதையே சேர்ப்பது இன்னும் நல்லது.

4. வாய்ப்புகளை நான்கு வகையாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். அழைப்பு எப்படி எழுதப்பட்டிருந்தாலும் அது கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் வகை, போய் உட்கார்ந்து கேட்பது: சொற்பொழிவு, பயிலரங்கு, அறிமுகக் கூட்டம். போகாவிட்டாலும் யாருடைய வேலையும் நிற்காது.

இரண்டாவது, ஒரு நாள் உதவி. பட்டமளிப்பு விழாவில் வரிசை ஒழுங்கு, வளாக அறிமுக நாளில் வழிகாட்டல், போட்டிக்கு நடுவர் அல்லது நேரக் காப்பாளர். நீங்கள் வராவிட்டால் அந்த இடம் அன்று காலியாகவே இருக்கும்.

மூன்றாவது, முடிவுத் தேதி உள்ள பொறுப்பு. ஒரு செமஸ்டருக்குப் புதிய மாணவருக்கு வழிகாட்டி, ஒரு கருத்தரங்கின் ஏற்பாட்டுக் குழு, ஒரு விதிமுறையைத் திருத்தும் பணிக்குழு.

நான்காவது, தொடர்ந்து இயங்கும் நிலைக்குழு. கல்விக் குழு, பாதுகாப்புக் குழு, ஆய்வு நெறிமுறைக் குழு, பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் குழு. இவற்றின் உறுப்பினர் காலம் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் இருக்கும். முடிவுகள் மற்றவர்களின் வாழ்க்கையைத் தொடும்.

முதல் ஆண்டில் முதல் வகையில் விருப்பம்போல், இரண்டாவதில் ஒன்றிரண்டு, மூன்றாவதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுங்கள். ஒரு நிலைக்குழுவில் பயனுள்ளதாக ஒரு வார்த்தை பேசவே, பல்கலைக்கழகத்தில் கோப்பு எந்த வழியாக நகர்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் உட்காருபவர்கள் முதல் சில கூட்டங்களை மௌனமாகக் கழிக்கிறார்கள். பிறகு மௌனமே பழக்கமாகிவிடுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழுக்களில் எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் ஒரு துறையில் பெண்கள் இரண்டு பேர்தான், மாற்றுத்திறனாளி ஒருவர்தான் என்றால், எல்லாக் குழுவும் அவர்களையே கூப்பிடும். அவர்கள் நாள் முழுக்கக் கூட்டங்களில் இருப்பார்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, மதிப்பிடுபவர்கள் "ஆய்வு குறைவு" என்று எழுதிவிடுவார்கள். உங்களுக்கு இந்த நிலைமை இருந்தால், இப்போது இருக்கும் குழுக்களின் பட்டியலை துறைத் தலைவரிடம் கொடுத்து, "புதியதை ஏற்க வேண்டுமென்றால் இவற்றில் எதிலிருந்து என்னை விடுவிப்பீர்கள்?" என்று கேளுங்கள். மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

5. அறிவிப்பை இரண்டாம் முறை படியுங்கள்

முதல் முறை படிக்கும்போது கண்ணில் படுவது தலைப்பும் தேதியும். இரண்டாம் முறை, விட்டுப்போனவற்றைத் தேடிப் படியுங்கள். பயணச் செலவு யாருடையது? இடம் உறுதியாகிவிட்டதா, விருப்பம் மட்டும்தான் கேட்கிறார்களா? "விருப்பம் தெரிவிக்கலாம்" என்றால் தேர்வு பின்னால் நடக்கும். "பதிவு செய்யலாம்" என்றால் அப்போதே இடம் உங்களுடையது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பயணச்சீட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அறிவிப்பில் போட்டிருக்கும் நேரம் மொத்த வேலையாக இருக்காது. ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு முந்தின வாரமே தடிமனான கோப்பு வரும். அதைப் படிக்காமல் போவதில் அர்த்தமில்லை. ஆகவே குழுச் செயலருக்கு ஒரு போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: கூட்டத்துக்கு முன் எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும், கூட்டங்களுக்கு இடையில் வேலை உண்டா, கூட்டக் குறிப்பு எழுதுவது யார். கடைசிக் கேள்வி முக்கியம். தனியாக ஆள் போடாத குழுக்களில் குறிப்பெடுக்கும் வேலை புதிதாக வந்தவர் தலையில், அதிலும் பெண் என்றால் தவறாமல், விழுகிறது. முறை வைத்து எழுதலாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது எளிது. நான்காவது கூட்டத்தில் சொல்வது கடினம்.

மனநல முதலுதவியாளர் போன்ற பொறுப்புகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 2000இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இந்தப் பயிற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. பயிற்சி பெற்றவரின் வேலை, நெருக்கடியில் இருப்பவரை அடையாளம் கண்டு, பொறுமையாகக் கேட்டு, தகுதியான உதவியிடம் சேர்ப்பது. சிகிச்சை தருவது அல்ல. ஒருவரின் துயரத்தைக் கேட்டு முடித்த பிறகு நீங்கள் யாரிடம் பேசலாம் என்பதை ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அதற்கு அவர்களிடம் பதில் இல்லையென்றால், பதில் வரும்வரை பொறுப்பை ஏற்காதீர்கள்.

6. அனுமதி கேட்கும் கடிதம்

பதிவு செய்வதற்கு முன் அனுமதி. "நான் இந்தக் குழுவில் சேரலாமா?" என்று ஒற்றை வரியில் கேட்டால், மேலாளர் தாமே யோசித்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும், அவசரத்தில் "இப்போது வேண்டாம்" என்பதே எளிய பதில். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக் கொடுங்கள். ஒரு மாதிரி:

"மாணவர் நலக் குழுவுக்கு அலுவலர் தரப்பில் ஓர் உறுப்பினரைத் தேடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம், பிற்பகல் இரண்டு மணி நேரம். முன்கூட்டிப் படிக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று குழுச் செயலர் சொன்னார். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் கூட்டம் வந்தால் என்னால் வர இயலாது என்று அவரிடம் தெரிவித்துவிட்டேன். கூட்ட நாட்களில் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து இருக்கைச் சக அலுவலர் சம்மதித்திருக்கிறார். மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி கொண்டுவரும் கட்டணத் தாமதப் பிரச்சினை அந்தக் குழுவில்தான் பேசப்படுகிறது. ஓராண்டுக்கு விண்ணப்பிக்க அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் நான்கு செய்திகள் இருக்கின்றன: மொத்த நேரம், போகாத வாரம், மாற்று ஆள், துறைக்கு என்ன பயன். கடைசியில் "ஓராண்டுக்கு" என்ற எல்லையும் இருக்கிறது. எல்லை இருக்கும் கோரிக்கைக்குச் சம்மதம் சொல்வது யாருக்கும் சுலபம். பதில் வாய்மொழியாக வந்தால், "நீங்கள் சம்மதித்தபடி விண்ணப்பிக்கிறேன்" என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள்.

7. பதிவும் விண்ணப்பமும்

சாதாரண நிகழ்வுக்குப் பதிவு செய்வதில் பெரிய நுட்பம் இல்லை. உணவுக் கட்டுப்பாடு, சக்கர நாற்காலி வழி, சைகை மொழிபெயர்ப்பு, திரையில் எழுத்து ஆகிய தேவைகள் இருந்தால் பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வாரங்கள் ஆகும். போக முடியாமல் போனால் பதிவை நீக்குங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அந்த இடம் போகும்.

பொறுப்புக்கான விண்ணப்பத்தில்தான் தடுமாறுகிறார்கள். "எனக்கு இந்தக் குழுவில் சேவை செய்ய மிகுந்த ஆர்வம் உள்ளது" என்ற வரியை எல்லா விண்ணப்பதாரரும் எழுதுவார்கள். தேர்வு செய்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. "சேர்க்கைக் கவுன்ட்டரில் இருக்கிறேன். ஊனச் சான்றிதழை எந்த வடிவத்தில் தருவது என்று தெரியாமல் மாணவர்கள் இரண்டு மூன்று முறை அலைவதைப் பார்க்கிறேன். அந்தப் படிவத்தை எளிமையாக்குவதைக் குழுவில் எடுத்துப் பேச விரும்புகிறேன்" என்று எழுதுங்கள். நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அங்கிருந்து உங்களுக்கு மட்டும் என்ன தெரிகிறது என்பதே உங்கள் தகுதி. பதவி சிறியது என்று தயங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

8. வெளிநாட்டுப் பயிற்சி என்றால் வரிசை இன்னும் முக்கியம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் ஆசிரியர்கள் மட்டுமல்ல, அலுவலகப் பணியாளர்களும் பயிற்சிக்குப் போகலாம். ஐரோப்பாவில் உள்ள திட்ட நாடுகளுக்கு இடையே என்றால் குறைந்தது 2 நாள். திட்டத்துக்கு வெளியே உள்ள நாடுகள் சம்பந்தப்பட்டால் குறைந்தது 5 நாள். இரண்டிலும் உச்சவரம்பு 2 மாதம். பயண நாட்கள் இதில் சேராது.

பலர் முதலில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் வெளிப் பணியாளர்களுக்காக நடத்தும் பயிற்சி வாரத்தில் இடம் பிடித்துவிடுகிறார்கள். அங்கே இடம் கிடைப்பதும் நிதி கிடைப்பதும் வேறு வேறு. உங்கள் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்: நம் பல்கலைக்கழகம் திட்டத்தில் இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் உண்டு, இந்த ஆண்டு பணியாளருக்கு நிதி மிச்சம் உள்ளதா, உள் தேர்வு எப்போது. அதன் பிறகே இடம் தேடுங்கள். புறப்படும் முன், என்ன கற்கப் போகிறீர்கள் என்ற ஒப்பந்தத்தில் நீங்கள், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். பாஸ்போர்ட், விசா வேலைக்கும் நாள் ஒதுக்குங்கள்.

9. நிகழ்வு நாளில்

ஒரு நாள் உதவிகளில் கடினமானது பட்டமளிப்பு விழா. பட்டம் பெறுபவர்கள் பெயர்ப் பட்டியல் வரிசையிலேயே மேடைக்கு வர வேண்டும். ஒருவர் வராமல் போய், அது பெயர் வாசிப்பவருக்குத் தெரியாவிட்டால், அவருக்குப் பின்னால் வரும் எல்லோருக்கும் பட்டியலில் தமக்கு முன்னால் இருப்பவரின் பெயர் வாசிக்கப்படும். அதனால் பல இடங்களில் ஒவ்வொருவர் கையிலும் பெயர் அட்டை ஒன்றைக் கொடுத்து, மேடைப் படியில் வாசிப்பவரிடம் நீட்டச் செய்கிறார்கள். நீங்கள் வரிசையில் நின்றால், அட்டை கையில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் பாருங்கள். யாரையும் சலுகையாக முன்னே விடாதீர்கள். பெயர் வாசிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், காத்திருக்கும் நேரத்தில் மாணவரையே சொல்லச் சொல்லிக் கேட்டு, அட்டையில் உங்களுக்குப் புரியும் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைக் கேட்கக் குடும்பமே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வை மூன்று நிமிடத்தில் விளக்கும் மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டியில் நேரக் காப்பாளராகப் போகிறவர்கள் விதிகளை முன்பே படியுங்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய இந்தப் போட்டியில் அசையாத ஒரே ஒரு ஸ்லைடுக்குத்தான் அனுமதி. 3 நிமிடத்தைத் தாண்டினால் போட்டியாளர் தகுதி இழப்பார். கடிகாரத்தை எந்த நொடியில் தொடங்குவது என்று நடுவர்களோடு பேசி வைக்காமல் உட்காராதீர்கள்.

கேட்கப் போகும் நிகழ்வுகளுக்குத் தயாரிப்பு சிறியது. தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்காராமல், வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவரிடமாவது பேசிவிட்டு வாருங்கள். பின்னாளில் ஒரு கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க அந்த அறிமுகம் உதவும்.

10. முடிந்தபின்: பதிவும் விலகலும்

அன்றைக்கே ஒரு கோப்பில் குறியுங்கள்: நிகழ்வின் பெயர், தேதி, உங்கள் பொறுப்பு, செலவிட்ட நேரம், விளைவு. ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் வரும்போது நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். சான்றிதழை ஏற்பாட்டாளர் பொறுப்பு மாறுவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) கணக்கு வைத்திருப்பவர்கள் குழு உறுப்பினர் பணியை அதிலும் சேர்க்கலாம். 16 இலக்கம் கொண்ட இந்த எண்ணைப் பெறக் கட்டணமில்லை.

குழுவிலிருந்து விலகுவதற்கும் ஒழுங்கு உண்டு. பலர் சொல்லாமல் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை சேராமல் கூட்டமே தள்ளிப்போகும். யாரோ ஒரு மாணவரின் மேல்முறையீடு அடுத்த மாதத்துக்குப் போகும். காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே தலைவருக்கு எழுதுங்கள். பாதியில் நிற்கும் வேலைகளையும், ஒவ்வொன்றுக்கும் அடுத்து யாரிடம் பேச வேண்டும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி, புதிதாக வருபவரைக் கடைசிக் கூட்டத்துக்கு உடன் அழைத்துப் போங்கள். ரகசியக் கோப்புகள் உங்கள் கணினியில் இருந்தால் செயலரிடம் கேட்டு, அவர் சொல்லும் முறைப்படி ஒப்படைத்துவிட்டு அழியுங்கள்.